ஈரப் படகில் ஒட்டும் பால்: மட்டிப் பசை பற்றிக் கேட்ட தம்பிக்கு

முல்லைத்தீவுக் கரையில் பைபர் படகு திருத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடல்மட்டி ஈரப் பாறையிலேயே ஒட்டிப் பிடிக்கிறது. அதைப் பார்த்துப் பசை செய்திருக்கிறார்களாம். தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசை மாதிரி, தண்ணீரில் கலந்த பாலாக அதைச் செய்யலாமா? றப்பர் பாலில் ஏதாவது கலந்தால் வருமா? வந்தால் படகுக்கு உதவுமா?"

சுருக்கமாகச் சொன்னால், செய்யலாம், ஆய்வுகூடங்களில் செய்கிறார்கள். றப்பர் பாலிலும் ஓரளவுக்கு வரும். ஆனால் படகின் அடியில் உள்ள வெடிப்பை அடைக்க இன்றைக்கு அதை நம்பி இறங்க வேண்டாம். காரணம் விளங்கினால் எங்கே நம்பலாம் என்பதும் விளங்கும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

காய்ந்த பலகையில் பசை தடவும்போது பசைக்கும் பலகைக்கும் நடுவில் காற்றுத்தான் இருக்கிறது. அது விலகிக் கொடுத்துவிடும். ஈரமான இடத்தில் அப்படியில்லை. கண்ணாடிநார், கல், அலுமினியம், இரும்பு எல்லாமே தண்ணீரை விரும்பிப் பிடித்து வைத்திருப்பவை. துணியால் துடைத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று மேலே கிடக்கும். கடல்நீர் என்றால் அந்தப் படலத்தோடு உப்பின் அயன்களும் சேர்ந்து மேற்பரப்பில் குந்தியிருக்கும். நீங்கள் தடவும் பசை இந்தப் படலத்தின் மேல்தான் படிகிறது, படகின் மேல் அல்ல. ஆக, ஈரத்தில் ஒட்டவேண்டிய பசைக்கு ஒட்டுவது இரண்டாவது வேலை. இருக்கிற தண்ணீரையும் உப்பையும் கிளப்பி விடுவதுதான் முதல் வேலை.

மட்டி இந்த முதல் வேலையில் கெட்டிக்காரன். அதற்குத் தசையாலான ஒரு பாதம் உண்டு. ஒட்டவேண்டிய இடத்தை அந்தப் பாதம் துழாவித் துடைத்து, ஒரு குழிக்கிண்ணம் போல அமுக்கிப் பிடித்து, உள்ளே இருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள கடலிலிருந்து பிரித்துக்கொள்கிறது. அந்தச் சின்ன அறைக்குள் கடல்நீரை விட நன்றாகப் புளித்த அமிலநிலை. அதற்குள் புரதங்களைத் திரவமாகச் சுரக்கிறது; சில நிமிடங்களில் நூலும் நுனியில் ஒட்டுத்தட்டும் தயார். பாதத்தை எடுத்ததும் 8 அளவு பி.எச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) உள்ள கடல்நீர் பட்டு அது இறுகுகிறது. மன்னார்ப் பக்கம், சிலாவத்துறைக்கும் அரிப்புக்கும் எதிரே கடலடியில் கிடக்கும் முத்துப்பார்களில் முத்துச்சிப்பி பாரைப் பிடித்திருப்பதும் இப்படியான நூலால்தான். முத்துக் குளிப்பவர்கள் சிப்பியை அள்ளவில்லை, பிய்த்தெடுத்தார்கள். ஆனால் விஞ்ஞானிகள் அதிகம் ஆராய்ந்தது நம் கடல் இனத்தை அல்ல, அத்திலாந்திக்கின் நீல மட்டியைத்தான்.

அமெரிக்காவில் ஹேர்பேர்ட் வெயிட் என்பவர் 1981இல் அந்தப் பசைப் புரதத்தில் டோப்பா என்ற அமினோ அமிலம் நிறைய இருப்பதைக் காட்டினார். டோப்பாவில் ஒரு பென்சீன் வளையமும் அதில் அருகருகே இரண்டு ஐதரொட்சில் கூட்டங்களும் உண்டு. இந்த அமைப்புக்குக் கற்றக்கோல் என்று பெயர். உலோக ஒட்சைட்டையோ கல்லையோ இரண்டு கையாலும் பிடிக்கும் அமைப்பு இது. பாறைக்கு மிக நெருக்கமாக இருக்கும் ஒரு புரதத்தில் அமினோ அமிலங்களில் நூற்றுக்கு முப்பது அளவில் டோப்பாவே. 2006இல் அமெரிக்காவின் பில் மெஸ்ஸர்ஸ்மித் குழுவினர் ஒற்றை டோப்பா மூலக்கூறைத் தைத்தேனியம் மேற்பரப்பிலிருந்து இழுத்துப் பார்த்தார்கள்; பிடி அசாதாரணமாகப் பெரிதாக இருந்தது. அதே டோப்பா ஒட்சியேற்றம் அடைந்ததும் பிடி பல மடங்கு குறைந்தது. 2015இல் இன்னொரு துண்டு சேர்ந்தது. புரதத்தில் டோப்பாவுக்குப் பக்கத்திலேயே லைசின் என்ற நேரேற்றமுள்ள அமினோ அமிலம் இருக்கும். மேற்பரப்பில் குந்தியிருக்கும் உப்பு அயன்களைக் கிளப்புவது அதன் வேலை. இடம் காலியானதும் கற்றக்கோல் போய்ப் பிடிக்கிறது.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும். ஒட்சியேற்றம் அடையாத டோப்பா பாறையைப் பிடிக்கும். ஒட்சியேற்றம் அடைந்த டோப்பா பாறையை விட்டுவிட்டுத் தன் இனத்தையே ஒன்றோடொன்று பிடித்து இறுகும். ஒட்டுவதற்கு முதலாவது வேண்டும், இறுகுவதற்கு இரண்டாவது வேண்டும். மட்டி இதற்கு ஒரு தனிப் புரதமே வைத்திருக்கிறது. கந்தகம் உள்ள அமினோ அமிலம் நிறைந்த அந்தப் புரதம், பாறைப் பக்கத்தில் ஒட்சியேற்றம் அடைந்த டோப்பாவைத் திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. மனிதர் செய்யும் பசைகளில் பெரும்பாலானவை தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

மட்டியிலிருந்தே பசையை எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். எடுத்து விற்கிறார்கள், ஆய்வுகூடத்தில் உயிர்க்கலங்களைத் தட்டில் ஒட்டுவதற்கு. ஒரு கிராம் புரதத்துக்குப் பத்தாயிரம் மட்டி அளவில் வேண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். படகுக்கு ஆகிற காரியம் அல்ல. ஆகவே கற்றக்கோலை மட்டும் இரவல் வாங்கி, மலிவான பல்பகுதியச் (பொலிமர்) சங்கிலியில் தொங்கவிடுவதுதான் வழி. அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜொனதன் வில்கரின் குழு, ரெஜிபோம் செய்யும் அதே பொலிஸ்ரைரீன் சங்கிலியில் இடையிடையே கற்றக்கோலை வைத்துப் பார்த்தது. நீருக்கடியில் தடவி ஒட்டியபோது 3 மெகாபஸ்கால், அதாவது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ முப்பது கிலோ, அளவுக்கு இழுவையைத் தாங்கியது. ஆனால் அந்தப் பசை தண்ணீரில் கரையாது. குளோரோபோம் போன்ற கரைப்பானில் கரைத்துத்தான் தடவ வேண்டும். கரையில் நின்று வேலை செய்கிறவர் குளோரோபோமை முகர்ந்துகொண்டு நிற்க முடியுமா?

நீங்கள் கேட்ட "பால்" இங்கேதான் உள்ளே வருகிறது.

பல்பகுதியத்தைக் கரைக்காமல், மிகச்சிறிய துணிக்கைகளாகத் தண்ணீரில் மிதக்க விட்டால் அது கூழ்மம். வெள்ளைப் பசை, எமல்ஷன் பெயின்ற், றப்பர் பால் எல்லாம் இந்தக் குடும்பம்தான். செயற்கைப் பாலில் துணிக்கையின் விட்டம் பெரும்பாலும் மைக்ரோமீற்றரில் பத்தில் ஒன்றிலிருந்து பாதிக்குள் இருக்கும். றப்பர் பாலில் பெரிதும் சிறிதும் கலந்து, சராசரி ஒரு மைக்ரோமீற்றர் வரும். சிறிது என்றால் எவ்வளவு சிறிது? பாதிக்குப் பாதி திண்மம் உள்ள ஒரு லீற்றர் பாலில் 0.1 மைக்ரோமீற்றர் துணிக்கைகள் இருந்தால், அவற்றின் மேற்பரப்பை எல்லாம் விரித்துக் கூட்டினால் ஏழு ஏக்கருக்கு மேல் வரும். ஒரு லீற்றர் போத்தலுக்குள் ஏழு ஏக்கர் வயல்! கூழ்மத்தின் வலிமையும் தொல்லையும் இரண்டும் இந்தப் பரப்பில்தான் இருக்கின்றன.

இவ்வளவு பரப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும். ஒட்டாமல் தடுப்பது துணிக்கையின் மேலுள்ள மறையேற்றமும், சவர்க்காரம் போன்ற பொருட்களும். றப்பர் பாலில் இயற்கையாகவே புரதமும் பொஸ்போலிப்பிட்டு என்ற கொழுப்பு வகையும் அந்த வேலையைச் செய்கின்றன. ஏற்றத்துக்கு எதிரி உப்பு. உப்பு கூடக்கூட ஏற்றத்தின் வீச்சு சுருங்கும். மிக மெல்லிய உப்புக்கரைசலில் பத்து நனோமீற்றர் தூரம் எட்டும் தள்ளுவிசை, கடல்நீரில் அரை நனோமீற்றர் கூட எட்டாது. அதிலும் கல்சியம், மகனீசியம் போல இரட்டை ஏற்றமுள்ள அயன்கள் உப்பின் சோடியத்தை விடப் பல மடங்கு கொடியவை.

இதை வன்னியில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். அளம்பில், கொக்கிளாய்ப் பக்கத்துக் கரையோரக் கிணறுகளில் பல உவர்த் தண்ணீர். உள்நாட்டில் பல இடங்களில் கேத்திலில் வெள்ளைப் படை கட்டும் வன்னீர். அந்தத் தண்ணீரை ஊற்றி லேடெக்ஸை, அதாவது றப்பர் பாலை, ஐதாக்கினால் என்ன ஆகும் என்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் வாளிச் சுவரில் பால் வழியும்போது அந்த வெள்ளைப் படலத்தில் மணல் மணலாகக் குறுணி தெரியும். கலக்கும் தடியில் சதை போல ஒரு கட்டி சுற்றிக்கொள்ளும். அதைப் பிழிந்தால் தெளிந்த தண்ணீர் வடியும், கையில் மிஞ்சுவது றப்பர். அந்த வாளியை இனி மீட்க முடியாது. மழைநீரோ, பற்றரிக்கு ஊற்றும் வடிநீரோ பாவியுங்கள். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சரி, இப்போது முரண்பாடு வெளிப்படையாகத் தெரிகிறது. ரின்னுக்குள் இருக்கும்வரை துணிக்கைகள் தண்ணீரோடு நட்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரைந்துவிடும். மேற்பரப்பில் போட்டதும் தண்ணீரை விரட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. வெள்ளைப் பசை இரண்டாவதில் தோற்கிறது. அது காயும்போது துணிக்கைகள் நெருங்கி, நசுங்கி, சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து படலமாகின்றன. ஆனால் பாலைக் காத்து நின்ற நீர்விரும்பிப் பொருட்கள் எங்கும் போகவில்லை, துணிக்கைகளின் எல்லைக் கோடுகளில் அப்படியே உறைந்து நிற்கின்றன. காய்ந்த படலம் ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: கண்ணாடி போல இருந்தது கொஞ்ச நேரத்தில் வெளிறிப் பால்நிறமாகும். தண்ணீர் அந்த எல்லைக் கோடுகள் வழியாகவே உள்ளே நடந்து போயிருக்கிறது. விரலால் தேய்த்தால் வழுக்கும். கடையில் வாங்கும்போது ரின்னில் டி3, டி4 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய நியமப்படி அவை ஈரம் தாங்கும் வகை, டி4 கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதுவும் காய்ந்த மரத்தில் ஒட்டிய பிறகு ஈரத்தைத் தாங்குவதுதான். ஈரத்திலேயே ஒட்டுவது வேறு கதை.

அப்படியானால் மட்டியின் கற்றக்கோலை இந்தத் துணிக்கையின் மேல் வைத்தால்? அதைத்தான் செய்கிறார்கள். பொதுவான செய்முறை இது: தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரப் பொருள், பியூட்டைல் அக்கிரிலேற்று போன்ற மென்மையான ஒருபகுதியம் (சங்கிலியாகக் கோக்கப்படும் தனி மூலக்கூறு). நைதரசன் வாயுவை ஓடவிட்டு ஒட்சிசனை வெளியேற்றி, 70 அல்லது 80 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, சங்கிலியைத் தொடக்கிவைக்கும் பொட்டாசியம் பேர்சல்பேற்று போட வேண்டும். ஆரம்பத்தில் வெறும் வெள்ளைக் கலக்கல். வேலை பிடித்ததும் குடுவையின் ஓரத்தில் மெல்லிய நீலம் தட்டும். துணிக்கைகள் ஒளியின் அலைநீளத்தை விடச் சிறியவை என்பதற்கு அதுவே அடையாளம். மென்மையான ஒருபகுதியம் ஏன் என்றால், பியூட்டைல் அக்கிரிலேற்றுப் பல்பகுதியம் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகை வரை இறுகாது. துணிக்கை நன்றாக நசுங்கிப் பரவும். ஆனால் அது மட்டும் என்றால் கை வைத்த இடமெல்லாம் பிசுபிசுக்கும், பாரமும் தாங்காது. அதனால் 100 பாகைக்கு மேல்தான் இளகும் மெதைல் மெதாக்கிரிலேற்றைக் கொஞ்சம் சேர்த்துச் சமப்படுத்துவார்கள்.

இதில் கற்றக்கோலைச் சும்மா போட்டால் அடுப்பு அணைந்த மாதிரி வேலை நின்றுவிடும். சங்கிலி வளர்வது சுயாதீன மூலிகங்கள் என்ற, எதையும் உடனே பிடிக்கத் துடிக்கும் துண்டுகளால். கற்றக்கோல் அந்த மூலிகங்களை விழுங்குகிற சாதி. ஸ்ரைரீன் போத்தலை வாங்கிப் பாருங்கள், வழியில் தானே இறுகிவிடாமல் இருக்க அதில் கம்பனிக்காரரே கற்றக்கோல் வகைப் பொருள் ஒன்றைச் சிறிதளவு போட்டுத்தான் அனுப்புவார்கள். தடுப்புக்குப் போடும் பொருளையே பெருமளவில் சேர்த்துவிட்டு வேலை நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இதற்கு வழிகள் உண்டு. ஐதரொட்சில் கூட்டங்களை மூடிக்கட்டி உள்ளே அனுப்பிப் பின்னர் அவிழ்ப்பது ஒன்று. போராக்ஸ் கூட அப்படி ஒரு மூடியாக வேலை செய்யும். துணிக்கையின் கரு வளர்ந்து முடிந்த பிறகு அதைச் சுற்றிப் படியும் வெளி ஓட்டில் மட்டும் கற்றக்கோலைச் சேர்ப்பது இன்னொன்று.

மூன்றாவது வழி எல்லாவற்றையும் விட இலகு: பாலை முதலில் செய்துவிட்டு, மேலே பூசுவது. 2007இல் மெஸ்ஸர்ஸ்மித் குழுவில் ஹேஷின் லீ செய்த வேலை இந்தத் துறையையே திருப்பியது. ஒரு மில்லிலீற்றர் தண்ணீரில் டோப்பாவின் நெருங்கிய உறவான டோபமின் இரண்டு மில்லிகிராம், பி.எச் 8.5, திறந்த பாத்திரம், அவ்வளவுதான். காற்றின் ஒட்சிசனால் கரைசல் கபில நிறமாகி, பிறகு கறுக்கும். உள்ளே போட்ட எந்தப் பொருளின் மேலும், எதுவும் ஒட்டாத டெப்லோன் மேலும், ஒரு நாளில் 50 நனோமீற்றர் வரை தடிப்பான படலம் படியும். துணிக்கையைப் போட்டால் துணிக்கையின் மேலும் படியும். வாழைப்பழத் தோலிலும் டோபமின் உண்டு. உரித்த தோல் கறுப்பதற்கு அதுவும் காரணம். வாழைக்கறை பட்ட வேட்டியை வெளுத்து அலுத்த வீடுகளில் இந்த வகை வேதியியலின் பிடியை யாரும் விளக்கத் தேவையில்லை.

உங்கள் றப்பர் பால் கேள்விக்கு வருகிறேன். றப்பர் இங்கே புதிதல்ல. ஆசியாவில் றப்பர்க் கன்று முதன்முதலில் ஊன்றப்பட்டது 1876இல், கம்பஹாவின் ஹெனரத்கொடவில். கடையில் கிடைக்கும் செறிந்த லேடெக்ஸில் நூற்றுக்கு 60 றப்பர்; கெடாமல் இருக்க அமோனியா போட்டிருக்கும், அதனால் ஏற்கெனவே நல்ல காரத்தன்மை. டோபமின் போட்டால் தானாகவே கறுக்கத் தொடங்கும். ஆனால் டோபமின் விலை கூடிய மருந்துச் சரக்கு. அதே குணம் கொண்ட மலிவான உறவுக்காரர் ஒருவர் உண்டு: டானின். தேயிலையில், பாக்கில், ஆவாரம்பட்டையில், களப்போரக் கண்டல் மரப்பட்டையில் இருக்கும் துவர்ப்பு அதுதான். நைலோன் வருவதற்கு முந்திய காலத்தில் பருத்தி வலைகளைப் பட்டை அவித்த சாயத்தில் தோய்த்து உலர்த்தினார்களே, அந்தக் கபிலச் சாயம் டானின்தான். நூலோடு பிடித்துக்கொண்டு உக்காமல் காத்தது.

டானினை றப்பர் பாலில் நேரே ஊற்றக் கூடாது. அது அமிலம், அதோடு புரதத்தைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். றப்பர்த் துணிக்கையின் சட்டையே புரதம் என்பதால் பால் உடனே திரையும். முதலில் ஐதான டானின் கரைசலை அமோனியாவால் நடுநிலைக்கு மேலே கொண்டுவந்து, சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே விட வேண்டும். அளவு கூடினால் அப்படியும் திரையலாம், அதனால் சிறு போத்தலில் பார்த்துவிட்டு வாளிக்குப் போங்கள். அமோனியாவுக்குக் காற்றோட்டமும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். லேடெக்ஸ் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆபத்தான ஒவ்வாமை. தோலில் தடிப்பு, இழுப்பு வருபவர்கள் தொட வேண்டாம்.

இந்தச் சேர்க்கை வெறும் ஆய்வுகூட விளையாட்டு அல்ல. ரயருக்குள் இருக்கும் நூலை றப்பரோடு ஒட்டவைக்க 1930களிலிருந்து ரெசோர்சினோல், போமல்டிஹைட், லேடெக்ஸ் மூன்றும் சேர்ந்த பாலில்தான் தோய்த்தெடுக்கிறார்கள். ரெசோர்சினோலிலும் பென்சீன் வளையத்தில் இரண்டு ஐதரொட்சில். ஆனால் அருகருகே அல்ல, ஓரிடம் தள்ளி. மட்டியைப் பார்க்காமலே தொழிற்சாலைக்காரர் பக்கத்து வீடுவரை வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. போமல்டிஹைட் புற்றுநோய் தரும் பொருள் என்பதால் இப்போது அதை விட்டுவிட வழி தேடுகிறார்கள், டானினும் அந்தத் தேடலில் ஒன்று. தும்பையும் லேடெக்ஸையும் சேர்த்து மெத்தை செய்வது நம் நாட்டில் பழைய தொழில். பனந்தும்பு வன்னியில் கிடைக்கிறது, டானின் பூசிய தும்பில் றப்பர் பால் எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பது, படகை விட முதலில் செய்யத் தகுந்த வேலை என்பது என் அபிப்பிராயம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன, வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே உண்டு. இழுவை இயந்திரம் வேண்டுமென்றால் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, கேட்டுப் பாருங்கள். ஆனையிறவு உப்பிலிருந்து காஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்த பரந்தன் தொழிற்சாலை போரில் நின்றுபோனதோடு, இந்தப் பக்கத்தில் இரசாயனம் என்றாலே தெற்கிலிருந்து வருவது என்ற எண்ணம் ஊறிவிட்டது.

ஈரத்திலேயே ஒட்டவைக்க இயற்கை காட்டும் வேறு இரண்டு வழிகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டும் கூழ்மம் சம்பந்தப்பட்டவை.

ஒன்று, கலிபோர்னியாக் கரையில் மணலை ஒட்டிக் குழாய் வீடு கட்டும் ஒரு புழு. அது மறையேற்றமும் நேரேற்றமும் உள்ள இரண்டு வகைப் புரதங்களைச் சேர்த்து, தண்ணீரிலிருந்து தானாகப் பிரிந்து நிற்கும் ஒரு தடித்த திரவமாக்கிச் சுரக்கிறது. திரவம்தான், ஆனால் கடலில் கரைந்து போகாது, மணலின் மேல் பரவும், கடலின் பி.எச் பட்டதும் இறுகும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ரசல் ஸ்ருவேர்ட் இதைப் பின்பற்றிச் செயற்கைப் பசைகள் செய்தார். ரின்னுக்குள் நட்பு, வெளியே விரட்டல் என்ற முரண்பாட்டுக்கு எனக்குத் தெரிந்த அழகான தீர்வு இதுதான்.

மற்றது, உங்கள் படகின் அடியில் நீங்களே சுரண்டிக் களைத்த கொட்டலசு. அதன் குஞ்சு ஒட்டும்போது முதலில் ஒரு கொழுப்புப் பொருளை விடுகிறது. அது தண்ணீரை ஒதுக்குகிறது. அதற்குப் பின் புரதப் பசை. இதைப் பார்த்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சுவான்ஹே ஷாவோவின் குழு 2021இல் ஒரு பசைக்களி செய்தது. ஒட்டும் பல்பகுதியத் துணிக்கைகளைத் தண்ணீரில் அல்ல, மருத்துவ சிலிக்கன் எண்ணெயில் மிதக்க விட்டார்கள். இரத்தம் வடியும் காயத்தில் வைத்து அமுக்கினால் எண்ணெய் இரத்தத்தை ஒதுக்கும், துணிக்கைகள் ஒன்றுசேர்ந்து திசுவைப் பிடிக்கும், 15 செக்கன் அளவில் அடைப்பு விழும். எலிகளிலும் பன்றிகளிலும் பார்த்திருக்கிறார்கள். பாலைத் தண்ணீரில்தான் செய்ய வேண்டும் என்று யார் சொன்னார்கள் என்ற கேள்வியை அந்தக் களி எழுப்புகிறது. உங்கள் வேலைக்கும் அந்த யோசனை பொருந்தும்.

மருத்துவம்தான் இந்தப் பொருட்களுக்கு இப்போது பெரிய எதிர்பார்ப்பு. காசு கூடினாலும் பரவாயில்லை, ஒட்டவேண்டிய பரப்பு சிறியது, ஆகவே கட்டுப்படியாகும். அப்புறம் எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கும் சல்லடைகளுக்குப் பூச்சு, லிதியம் பற்றரியின் மின்வாய்த் தூளைக் கட்டிவைக்கும் பசை என்று வரிசை நீளும்.

படகுக்கு வருவோம். கரையில் ஏற்ற முடிந்தால் ஏற்றி, வெடிப்பைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, முழுக்க உலரவிட்டு எப்பொக்சி போடுவதற்கு ஈடில்லை. பழைய பைபர் மேல் புதுப் பொலியெஸ்ரர் ரெசினை விட எப்பொக்சி நன்றாகப் பிடிக்கும். சோளகக் காற்றில் மேல்தோல் சீக்கிரம் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், தொட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம். கடலில் அவசரம் என்றால் நீருக்கடியில் பாவிக்கும் இரண்டு பகுதி எப்பொக்சிப் புட்டி வாங்கி வைத்திருங்கள். நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, ஈர இடத்தில் வெறுமனே வைக்காமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் பலமாக உரசி அமுக்குங்கள். மட்டியின் பாதம் செய்யும் முதல் வேலையை அங்கே உங்கள் கட்டைவிரல்தான் செய்ய வேண்டும்.

செய்து பார்க்க ஆசை என்றால், பாடசாலை ஆய்வுகூடத்திலேயே புழுவின் வித்தையைப் பார்க்கலாம். மழைநீரில் நூற்றுக்கு இரண்டு ஜெலட்டின், இன்னொன்றில் நூற்றுக்கு இரண்டு அரபிப் பிசின், இரண்டும் 40 பாகை இளஞ்சூட்டில். கலந்தால் ஓரளவு தெளிவாகவே இருக்கும். வினாகிரியைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச் தாளில் 4 வரும்போது திடீரென்று பால்நிறமாகும். சூடு குறையாமல் வைத்தால் அடியில் தடித்த திரவமாகப் படியும். அதில் கொஞ்சம் கறியுப்புப் போட்டால் திரும்பக் கரைந்து தெளியும். றப்பர் பாலைத் திரைக்கிற உப்பு இதைக் கரைக்கிறது. ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். இரண்டு இடத்திலும் உப்பு ஏற்றத்தைத்தான் மறைக்கிறது. அரபிப் பிசினுக்குப் பதிலாக நம் விளாம்பிசினைச் சுத்தமாக்கிப் போட்டும் பார்க்கலாம். அடியில் படிந்ததோடு டானிக் அமிலக் (டானின்) கரைசல் சேர்த்தால் இழுபடும் கபிலப் பசை வரும். ஈரக் கண்ணாடியில் கூடக் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் நாட்கணக்கில் தண்ணீரில் நிற்காது.

எதைச் செய்தாலும் அளந்து பாருங்கள். ஒரு அங்குல அகலமான இரண்டு பைபர்ப் பட்டிகளை அரை அங்குலம் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டி, ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, மற்றதில் வாளி கொழுவி மணல் கொட்டுங்கள். அந்தப் பரப்புக்குப் பத்துக் கிலோ என்பது 0.3 மெகாபஸ்கால். வில்கரின் பசை அந்த இடத்தில் நூறு கிலோவைத் தாங்கும் என்று கணக்கு. உலர்வில் ஒட்டியது ஒன்று, ஈரத்தில் ஒட்டியது ஒன்று, ஒட்டிய பின் ஒரு கிழமை கடல்நீரில் கிடந்தது ஒன்று என்று மூன்றும் வேண்டும். காலை வாளிக்குக் கீழே வைக்க வேண்டாம். விட்டபிறகு இரண்டு முகத்தையும் வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஒரு முகம் துப்புரவாக இருந்தால் தண்ணீர் விரட்டப்படவில்லை, மேற்பரப்பில்தான் வேலை பாக்கி. இரண்டு முகத்திலும் பசை இருந்தால் அது பிடித்துவிட்டது, இறுகத்தான் இல்லை. அந்த இரண்டு முகங்களையும் படம் எடுத்து அனுப்பினால் அடுத்து எதை மாற்றலாம் என்று சொல்கிறேன்.